நயாகராவும் எர்ணாவூரும்

வகுப்பிலே ஒருநாள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றிய பாடம் வந்தது. விண்ணிலிருந்து வீழ்வதுபோன்ற வெள்ளப்பெருக்கு, அதன் இரைச்சல், அதைக் காண உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து குவியும் கூட்டம், நீர்த்திவலைகளுக்கிடையே தோன்றும் வானவில், அத்தனையும் படித்துக் காட்டினோம். பிள்ளைகள் கண் விரியக் கேட்டனர். கடைசி வரிசையிலே ஒருவன் எழுந்து நின்றான். “அங்கே ஊர் இருக்குதா சார்? ஜனங்க இருக்காங்களா?” என்றான்.

திகைத்தோம்! பாடநூலிலே அருவியின் உயரம் இருந்தது, அகலம் இருந்தது. அருவிக்கரையிலே வாழும் மனிதர் எத்தனை பேர், எங்கிருந்து வந்து சேர்ந்தனர், எத்தொழில் செய்து உண்கின்றனர் என்பதுபற்றி ஓர் எழுத்துமில்லை. கேட்டவனோ எர்ணாவூர்ப் பிள்ளை. அனல் மின்நிலையம் உண்டு, துறைமுகம் உண்டு, தொழிற்சாலை உண்டு என்று அவன் வாழும் பகுதியைப்பற்றி நாடு பேசும். அங்கே ஜனங்கள் இருக்கின்றார்களா என்று கேட்பார் குறைவு. அதனாலேதான் அவனுக்கு அப்படியொரு கேள்வி பிறந்தது போலும்!

விடை தேடிப் புறப்பட்டோம். தேடிய இடம் நயாகரா. போய்ச் சேர்ந்த இடமோ நம் திருவொற்றியூர்! வியப்படையாதீர்கள் தோழர்களே, விளக்குகிறோம்.

தச்சன் பலகையைத் தேய்க்கிறானே உப்புத்தாள், பட்டறையிலே பொறி பறக்கச் சுழல்கிறதே சாணைக்கல், அவற்றைச் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் எனும் தொழிற்சாலை 1954 ஆம் ஆண்டிலே திருவொற்றியூரிலே பிறந்தது. முருகப்பா குழுமத்தோடு இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது அது. அந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் கார்போரண்டம் கம்பெனி. அதன் இருப்பிடம் எது தெரியுமா? நியூயார்க் மாநிலத்திலே, அருவிக்கு அருகேயே, அருவியின் பெயரையே தாங்கி நிற்கும் நயாகரா ஃபால்ஸ் எனும் சிறு நகரம்! பாடநூல் மறந்துவிட்ட ஊர்! எர்ணாவூரிலிருந்து வேலைக்குப் போகும் தொழிலாளியின் வாசலுக்கும் அந்த நகரத்துக்கும் இடையே ஒரு சாணைக்கல் பாலம் போட்டிருக்கிறது.

இனி அந்நகரின் கதையைக் காண்போம். 1892 ஆம் ஆண்டிலேதான் அது நகரமாயிற்று. அதுவரை அருவி காண வந்தவர்க்கு விடுதி நடத்தியோரின் ஊர். 1895 இலே அருவி நீரைக்கொண்டு பெருமளவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர்; அடுத்த ஆண்டிலே அம்மின்சாரம் பஃபலோ நகர்வரை கம்பி வழியே சென்றது. ‘ஆண்டவன் படைப்பின் அற்புதம்’ என்று அதுவரை அருவியைக் கைகூப்பித் தொழுதவர்கள் உண்டு. மனிதன் கை கூப்பியிருந்தால் மின்சாரம் வந்திருக்குமா? கை நீட்டினான், கணக்குப் போட்டான், சக்கரத்தைச் சுழற்றினான், இரவு பகலாயிற்று. இதுவரை நமக்கு மகிழ்ச்சியே.

அந்த மின்சாரத்தைத் தேடி வந்தவர்களிலே ஒருவர்தான் எட்வர்ட் அச்சிசன். செயற்கை வைரம் செய்ய முயன்று, 1891 இலே, வைரத்துக்கு அடுத்தபடி கடினமான ஒரு பொருளைச் செய்துவிட்டார். மணலையும் கரியையும் மின் உலையிலே கடும் சூட்டிலே வேகவைத்தால் கிடைப்பது அது. கார்போரண்டம் என்று அதற்குப் பெயரிட்டார். முதலிலே இரத்தினக்கல் தீட்டுவோருக்குக் காரட் கணக்கிலே விற்றார். மலிந்த மின்சாரம் கிடைத்ததும் நயாகராவுக்குக் குடிபெயர்ந்தார். வண்டி வண்டியாய் விற்றார். அலுமினியமும் வந்தது, குளோரின் வந்தது, எரிசோடா வந்தது. கம்பெனிகள் வந்தால் கைகள் வேண்டுமே! இத்தாலியர் வந்தனர், போலந்துக்காரர் வந்தனர், தென்மாநிலங்களின் பருத்திக்காட்டு அடிமைத்தனத்தின் வடு ஆறாத கருப்பின மக்கள் வந்தனர். 1960 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே நயாகரா ஃபால்ஸின் மக்கள்தொகை 1,02,394. அதுவே அந்நகரின் உச்சம்.

உச்சத்தை எட்டிய அதே ஆண்டிலே நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். புதிய பெரும் மின்நிலையத்துக்கு நீர்த்தேக்கம் தேவைப்பட்டது. அருகிலே டஸ்கரோரா எனும் பழங்குடியினரின் நிலம். தரமாட்டோம் என்றனர் அவர்கள். வழக்கு, அமெரிக்காவின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1960 இலே தீர்ப்பு வந்தது: எடுத்துக்கொள்ளலாம்! சுமார் 550 ஏக்கர் நீருக்கடியிலே போயிற்று. மறு ஆண்டே மின்நிலையம் திறக்கப்பட்டது. விளக்கு எரிவது ஒருவர் வீட்டிலே, அதற்கு நிலம் கொடுப்பது இன்னொருவர். இந்த முறை எம் ஊராருக்குப் புதிதல்ல.

இப்போது அதே நகரின் தொகை என்ன? 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 48,671. அறுபது ஆண்டுகளிலே பாதிக்குமேல் கரைந்துவிட்டது! போர் நடந்ததா? இல்லை. பஞ்சமா? இல்லை. வேலை போயிற்று, வேலையைத் தேடி மக்கள் போயினர். கார்போரண்டம் கம்பெனியும் கைமாறி, ஊரைவிட்டு அகன்றது. எஞ்சியது என்ன? அருவி இருக்கிறது, அதைக் காண வருவோர் இருக்கின்றனர், 2002 இறுதியிலே திறந்த சூதாட்ட மாளிகை இருக்கிறது. உருக்கு வார்த்த கைகளின் பேரப்பிள்ளைகள் விடுதியிலே தட்டு கழுவும் பருவகால வேலைக்கு நிற்கின்றனர்.

போன கம்பெனிகள் எதையுமே விட்டுச் செல்லவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். விட்டுச் சென்றது ஒன்று உண்டு. அதற்குப் பின்னர் வருவோம். இப்போது நம் கரைக்குத் திரும்புவோம்.

எர்ணாவூர் எங்கே இருக்கிறது? கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் மணலி. தெற்கே திருவொற்றியூர். வடக்கே கத்திவாக்கமும் எண்ணூரும், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும். நீளவாக்கிலே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பட்டை. இந்தப் பட்டையின் பழைய வரலாறு யாது என்று கேட்டால், திருவொற்றியூர்க் கோயிலைக் காட்டுவர் பெரியோர். பல்லவர் காலந்தொட்டுக் கல்வெட்டுக்கள் நிறைந்த கோயில். நாமும் மறுக்கவில்லை. அக்கல்வெட்டுக்களே நம்மிடமுள்ள முதல் பொருளாதாரக் கணக்கு! இன்னார் இத்தனை கழஞ்சு பொன் கொடுத்தார், ஊர்ச்சபை அதைப் பெற்று வட்டியைக்கொண்டு விளக்கெரிக்க வேண்டும். இன்னார் இத்தனை ஆடு கொடுத்தார், அதன் நெய்கொண்டு நந்தாவிளக்கு எரிக்க வேண்டும் என்றெல்லாம் கல்லிலே வெட்டினர்.

‘சாவா மூவாப் பேராடு’ என்பது அக்காலக் கல்வெட்டு வழக்கு. ஆடு சாவதில்லையாம், மூப்படைவதில்லையாம்! எப்படி? ஒன்று செத்தால் வேறொன்றை ஈடுகட்டியாக வேண்டும் ஆட்டை ஏற்ற இடையன். ஆடு சாகாது, இடையன் சாவான், மூப்படைவான். ஆட்டுக்குக் கணக்குண்டு, நெய்க்குக் கணக்குண்டு. அந்த இடையன் வீட்டிலே எத்தனை வாய், அவை என்ன உண்டன என்பதற்குக் கணக்கில்லை. பாணினி இலக்கணம் கற்பிக்க அக்கோயிலிலே ஒரு மண்டபமே இருந்தது. அம்மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்திலே வலை வீசிய பரதவனின் பிள்ளை அங்கே ஓர் எழுத்தேனும் கற்றிருப்பானா?

மன்னர்கள் போயினர், கம்பெனிக்காரன் வந்தான். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சென்னையிலிருந்து எண்ணூர்வரை படகுக் கால்வாய் வெட்டினர். பேசில் காக்ரேன் எனும் வெள்ளை வணிகனின் பெயரால் காக்ரேன் கால்வாய் என்று வழங்கிற்று. உப்பளத்து உப்பும், அடுப்பெரிக்க விறகும் அவ்வழியே பட்டணம் சென்றன. தாதுவருடப் பஞ்சத்திலே சென்னை நகருக்குள் அதன் இணைப்பை வெட்டியவர்கள் பசித்தவர்கள். 1878 இலே அதற்குச் சூட்டிய பெயரோ ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்!

அந்நூற்றாண்டின் இறுதியிலே சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழுந்தன. கரையோரமாய் வடக்கு நோக்கி நகரும் மணல் அச்சுவரிலே முட்டி நின்றது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று இராயபுரம் முதல் எர்ணாவூர்வரை கரை தேய்ந்தது. இது விதியின் விளையாட்டன்று, கடலன்னையின் சீற்றமுமன்று. கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய காரணம். தென்சென்னைக்காரர் காற்று வாங்கும் மணலிலே எம் கரைக்கு வரவேண்டிய மணலும் கலந்திருக்கிறது என்றால், யாரும் கோபங்கொள்ள வேண்டாம்.

ஆலைகள் வந்த கதை சுவையானது. 1922 இலே தீப்பெட்டி இறக்குமதிக்கு அரசு கடும் வரி போட்டது. சுவீடனின் தீப்பெட்டிச் சக்கரவர்த்தி ஐவர் குரூகர் என்ன செய்தான்? பெட்டியை அனுப்பினால்தானே வரி, ஆலையையே அனுப்பிவிடுவோம் என்றான். 1923 இலே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது நம் ‘விம்கோ’ பிறந்தது. அதன் ஆலைகளுள் ஒன்று திருவொற்றியூருக்கு வந்தது. அதே காலத்திலேதான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். அங்கே கை, இங்கே இயந்திரம். இரண்டும் ஒரே அடுப்பைப் பற்றவைத்தன. குரூகரின் பேரரசு 1932 இலே அவனோடு சரிந்தது. விம்கோ பெயர் மட்டும் அழியவில்லை. ரயில் நிலையத்துக்கு அப்பெயர். 2021 இலே வந்த மெட்ரோ நிலையத்துக்கும் அப்பெயரே!

விடுதலைக்குப் பின்னர் வந்த பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றனவே, அவை இந்த மணற்பட்டையைத் தலைகீழாக மாற்றின. 1946 இலே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையிலே பலூன் செய்யத் தொடங்கினார் மாம்மன் மாப்பிள்ளை. 1961 இலே அது டயர் செய்யும் எம்.ஆர்.எப். ஆயிற்று. 1948 இலே எண்ணூரிலே அசோக் மோட்டார்ஸ். ஆஸ்டின் கார் பூட்டிய அந்த ஆலை 1955 இலே அசோக் லேலண்ட் ஆகி லாரி செய்தது. அதே 1955 இலே என்ஃபீல்டு இந்தியா, புல்லட் மோட்டார் சைக்கிள். கே.சி.பி.யின் கனரக எந்திரப் பட்டறையும் அக்காலத்ததே. விடியுமுன் சங்கு ஊதும்; சைக்கிள்கள் வரிசை வரிசையாய்ப் போகும்.

பெயர்ப்பலகைகளைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள் தோழர்களே! லேலண்ட் என்பது இங்கிலாந்திலே லங்காஷயரின் ஒரு சிறு நகரம். என்ஃபீல்டு புல்லட் பிறந்தது ரெட்டிச் எனும் சிறு நகரம். எம்.ஆர்.எப்.புக்குத் தொழில்நுட்பம் தந்தது ஓஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு எனும் சிறு நகரத்தின் டயர் கம்பெனி. கார்போரண்டத்துக்கு நயாகரா ஃபால்ஸ். உலகின் உழைக்கும் ஊர்களின் பட்டியலே எம் தெருவிலே தொங்கியது! பின்னர் என்ன ஆயிற்று? ரெட்டிச்சிலே புல்லட் ஆலை மூடப்பட்டது. 1977 இலே திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மான்ஸ்ஃபீல்டின் டயர் ஆலை 1970களின் இறுதியிலே மூடப்பட்டது. 1967 இலேயே அமெரிக்காவுக்கு டயர் அனுப்பத் தொடங்கியிருந்தது எம்.ஆர்.எப். ‘ஆசானை மிஞ்சிய மாணவன்’ என்று மார்தட்டத் தோன்றுகிறதல்லவா? எமக்கும் தோன்றியது. ஆனால் மூடிய ஆலையின் வாசலிலே நின்ற மான்ஸ்ஃபீல்டுத் தொழிலாளியை நினைத்ததும் தட்டிய கை தாழ்ந்தது. 2013 இலே ஒரகடத்திலே புதிய புல்லட் ஆலை எழுந்தபோது, அதே கேள்வி எம் தெருவிலும் எழுந்தது: அடுத்து நாமோ?

வேலை தேடி வந்தவர் யார்? தென்மாவட்டத்து இளைஞர் வந்தனர். வடக்கே நெல்லூர்ச் சீமையிலிருந்து தெலுங்கு பேசுவோர் வந்தனர். 1960களிலே பர்மாவிலிருந்து சொத்தையெல்லாம் பறிகொடுத்துத் திரும்பிய தமிழர் வந்தனர். சடையங்குப்பத்திலே இன்றும் பர்மா நகர் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் வீடிழந்த மீனவரை எர்ணாவூரிலே குடியேற்றினர். சுனாமி குடியிருப்பு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஓர் அலையின் பெயர் ஒரு தலைமுறையின் முகவரியாகிவிட்டது! ‘எங்கே குடியிருக்கிறாய்?’ என்று வேலைக்கு ஆள் எடுப்பவன் கேட்டால், பையன் ‘எர்ணாவூர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். முன்பு சாதி கேட்டு ஒதுக்கினர்; இப்போது முகவரி கேட்டால் போதும்.

ஆலையிலே வந்தேறியவருக்கு வேலை, சங்கம், கூலி உயர்வுப் போராட்டம், ஓய்வூதியம் என்று ஒரு வாழ்வு பிறந்தது. அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். சாதிக்கொரு கிணறு இருந்த சிற்றூரிலிருந்து வந்தவன், ஒரே குழாயிலே நீர் குடித்து, ஒரே கேண்டீனிலே உண்டு, ஒரே கொடியின்கீழ் நின்றது இந்தத் தெருக்களிலேதான். மீனவர் குலத்திலே பிறந்து, 1923 இலே சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடிய சிங்காரவேலர் கண்ட கனவிலே ஒரு துண்டு இங்கே நனவாயிற்று. ஆயின் அவர் பிறந்த குலத்துக்கு, கரையிலே கட்டுமரம் தள்ளியவனுக்கு, முகத்துவாரத்திலே இறால் பிடித்தவனுக்கு, ஆலை தந்தது என்ன? நிரந்தர வேலை பெற்ற மீனவர் சிலர். இப்போதோ நிரந்தரம் என்ற சொல்லே அருகி, காண்ட்ராக்ட் கூலி என்ற சொல்லே பெருகிவிட்டது.

1969 இலே மணலியிலே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1971 இலே உர ஆலை. இரண்டிலும் அமெரிக்கக் கூட்டு இருந்தது. 1970 இலே எண்ணூர் அனல் மின்நிலையம். பின்னர் வடசென்னை அனல் மின்நிலையம், 2001 இலே எண்ணூர்த் துறைமுகம், அதன்பின் வல்லூரின் 1500 மெகாவாட். மாநிலத்தின் விளக்கு எரிய நிலக்கரி எம் வாசலிலே இறங்குகிறது. அதன் சாம்பல் எம் கழியிலே படிகிறது. நண்டும் இறாலும் வாழ்ந்த சேற்றிலே சாம்பல் சேறு.

சரி, கணக்குக்கு வருவோம். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே திருவொற்றியூர் நகராட்சியின் மக்கள்தொகை 2,49,446. எர்ணாவூர் அதற்குள் அடக்கம். ‘சிறு நகரம்’ என்று நாம் இரக்கப்பட்ட நயாகரா ஃபால்ஸைப் போல் ஐந்து மடங்கு! அந்தச் சிறு நகருக்கு மேயர் உண்டு, நகர மன்றம் உண்டு, கணக்கேட்டிலே தனி வரி உண்டு. அதனாலேதான் அது தேய்ந்தது என்பதையே நம்மால் அறிய முடிகிறது. திருவொற்றியூருக்கு? அதே 2011 இலே திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் பிறவும் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று, வார்டுகள் 200. திருவொற்றியூர் முதல் மண்டலம். எண்ணிலே முதலிடம்! வேறெதிலே என்று கேளாதீர்கள்.

சேர்த்தது தவறென்று நாம் கூறவில்லை. நகர் முழுதுக்கும் கிட்டும் குடிநீரும் சாலையும் நமக்கும் வேண்டும். ஆயினும் சேர்ந்தபோது ஒன்று தொலைந்தது. ஊர் என்ற தனிக்கணக்கு தொலைந்தது. மயிலாப்பூர் மாளிகையும் எர்ணாவூர்க் குடிசையும் கூட்டிச் சராசரி எடுத்தால், இரண்டிலும் இல்லாத ஒரு மனிதன் வந்து நிற்பான். 2021 இலே நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்போ நடக்கவேயில்லை. 2027 கணக்கெடுப்பிலே சாதியும் கேட்கப்படும் என்று 2025 இலே அறிவித்துள்ளனர். 1931க்குப்பின் எல்லாச் சாதிகளையும் அவ்வாறு எண்ணுவது அதுவே முதன்முறை. நல்லது, எண்ணட்டும். எண்ணப்படாதவனுக்குப் பங்கில்லை என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் எந்தச் சாதியான் எந்த ஆலையின் புகைக்குள் குடியிருக்கிறான் என்று எந்தப் படிவம் கேட்கும்?

இங்கேதான் நயாகராவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கம்பெனிகள் விட்டுச் சென்றது ஒன்று உண்டு என்றோமே, அது இதுதான். லவ் என்பவர் 1890களிலே வெட்டத் தொடங்கிக் கைவிட்ட கால்வாய் ஒன்று அந்நகரிலே கிடந்தது. லவ் கால்வாய் என்று பெயர். 1942 முதல் ஹூக்கர் எனும் இரசாயனக் கம்பெனி அதிலே கழிவைக் கொட்டியது. கொட்டிய நஞ்சு சுமார் 21,000 டன். 1953 இலே மண்ணைப் போட்டு மூடி, பள்ளிக்கூடம் கட்ட நகரின் கல்விக்குழுவுக்கு விற்றது. விலை? ஒரே ஒரு டாலர்! நாமும் பள்ளி ஆசிரியராகையால் இந்த இடத்திலே நெஞ்சு நடுங்குகிறது. பள்ளி எழுந்தது; சுற்றிலும் வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் அம்மண்ணிலே விளையாடினர்.

இருபதாண்டு கழிந்து நிலவறைகளிலே கறுப்பாய் ஊறியது. குழந்தைகள் நோயுற்றன; கருச்சிதைவுகள் நேர்ந்தன. லூயிஸ் கிப்ஸ் எனும் இல்லத்தரசி, மகன் நோயுற்றதைக் கண்டு, 1978 இலே வீடு வீடாகக் கதவைத் தட்டினார். பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளரல்லர். கையிலே ஒரு காகிதம், ஒரு பேனா. எந்த வீட்டிலே யாருக்கு என்ன நோய் என்று பெண்கள் கூடி எழுதினர். பெவர்லி பெய்கன் எனும் அறிவியலாளர் அக்கணக்கை ஒழுங்குபடுத்த உதவினார்: பழைய நீரோடைத் தடங்களை ஒட்டிய வீடுகளிலே நோய் மிகுந்திருந்தது! அடுப்பங்கரைப் பெண்கள் போட்ட கணக்கு ஒரு கணக்கா என்று அதிகாரிகள் எள்ளினர். ஆயினும் 1978 ஆகஸ்டு 7 இலே குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். முதலிலே 239 குடும்பங்கள், 1980 இலே மேலும் பல நூறு குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவ்வாண்டு இறுதியிலே நஞ்சு கொட்டியவனிடமே துப்புரவுச் செலவை வாங்க ஒரு சட்டம் பிறந்தது.

முழு வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். அங்கேயே கிரிஃபன் மேனர் எனும் அரசுக் குடியிருப்பு இருந்தது. வாடகைக்கு இருந்தோர் பெரும்பாலும் கருப்பின மக்கள். சொந்த வீட்டுக்காரர் பேசியபோது திரும்பிய காமிராக்கள் இவர்கள் பேசியபோது திரும்பவில்லை. நஞ்சு நிறம் பார்க்கவில்லை, நிவாரணம் பார்த்தது.

எம் கரையிலே நடந்தவற்றை நாடறியும். 2017 சனவரி 28 இலே எண்ணூருக்கருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, எர்ணாவூர்ப் பாறைகளிலே ஒதுங்கிய கரியெண்ணெயை வாளியாலே அள்ளினர் இளைஞர். செயற்கைக்கோள் விடும் நாட்டிலே வாளி! 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. எவ்வழியே? காக்ரேன் காலத்திலே வெட்டிய அதே கால்வாய் வழியே! படகும் வலையும் கறுத்தன. அம்மாதமே 26 ஆம் நாள் நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஆழிப்பேரலை வந்த அதே டிசம்பர் 26. மூச்சு முட்டி, கண் எரிய, குழந்தைகளைத் தோளிலே போட்டுக்கொண்டு பெரியகுப்பத்தாரும் சின்னகுப்பத்தாரும் எர்ணாவூராரும் இருளிலே ஓடினர். 2004 இலே கடலைவிட்டு ஓடியவர்களிலே சிலர் இப்போது காற்றைவிட்டு ஓடினர். காற்றைவிட்டு எங்கே ஓடுவது?

எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 இலே மூடப்பட்டது. அவ்விடத்திலேயே 660 மெகாவாட் புதிய நிலையத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 டிசம்பரிலே எர்ணாவூரிலே நடந்தது. மேடையிலே இருந்தோரிடம் அடுக்கடுக்காய் அறிக்கை இருந்தது. எதிர்த்துப் பேசிய தாய்மாரிடம் பிள்ளையின் இருமல் இருந்தது; ஏடு இல்லை.

ஆகவே எம் ஊர்ப் படிப்பகத்து இளைஞர்களும் மேல்வகுப்பு மாணவர் சிலரும் நாமும் கூடி, நீண்ட கோடுபோட்ட நோட்டு ஒன்று வாங்கினோம். தெரு, வீட்டில் உள்ளோர், எங்கிருந்து எந்த ஆண்டு வந்தனர், பாட்டன் தொழில், தந்தை தொழில், இப்போதைய தொழில், நிரந்தரமா காண்ட்ராக்டா, மூச்சிரைப்பு, தோல்நோய், கருச்சிதைவு என்று கட்டங்கள் போட்டோம். பெயர் எழுதுவதில்லை, வீட்டு எண் மட்டும். ஞாயிறுதோறும் இருவர் இருவராய்ப் போகின்றனர். ‘பணம் தரப்போறாங்களா?’ என்று கேட்போர் உண்டு, ‘எந்தக் கட்சி?’ என்று கேட்போரும் உண்டு. கருச்சிதைவுக் கட்டத்தை ஆண்பிள்ளைகள் கேட்கத் தயங்கினர். மாணவிகள் அப்பொறுப்பை ஏற்றனர். நயாகராவைப்பற்றிக் கேட்ட கடைசி வரிசைப் பையன்தான் நோட்டுக்குக் காவல்.

சென்ற ஞாயிறு ஒரு வீட்டிலே மூதாட்டி ஒருவர், மகனின் தொழிலைக் கேட்ட மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “எறா புடிக்கிறவன்னு எழுதாதே கண்ணு. புடிச்சவன்னு எழுதிக்கோ” என்றார். அதற்குரிய கட்டம் நாம் போடவில்லை. ஓரத்திலே ஒரு கோடிழுத்து, ‘முன்பு செய்த தொழில்’ என்று புதிய கட்டம் சேர்த்திருக்கிறோம். முன்பே முடித்த இரண்டு தெருக்களுக்கும் மறுபடி போகவேண்டும்.